லைசென்ஸ் என்று எழுதிவிட்டால் அது டெனன்சி ஆகாதா?

தம்பி, சிங்கப்பூர் ஈசூனில் பார்த்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அறைக்கு ‘வாடகை’ என்று எழுதாமல் ‘லைசென்ஸ் கட்டணம்’ என்று எழுதியிருக்கிறார்களே, கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

டெனன்சி என்றால் இடத்தின் மீதே உரிமை தரும் வாடகை; லைசென்ஸ் என்றால் தங்குவதற்கு அனுமதி மட்டும். தாளின் தலைப்பைப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யாது. 1985-இல் ஸ்ட்ரீட் எதிர் மவுண்ட்ஃபோர்டு வழக்கில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை (அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றம்) வகுத்ததே சிங்கப்பூரிலும் அளவுகோல்: இடம் முழுக்க உங்கள் வசம், குறிப்பிட்ட காலம், வாடகை. இவை இருந்தால் பெரும்பாலும் அது டெனன்சிதான்.

சிக்கல் ‘முழுக்க உங்கள் வசம்’ என்பதில்தான். வீட்டுக்காரர் கேட்காமல் உள்ளே வரலாமா? காலிக் கட்டிலில் வேறு ஆளைப் போடலாமா? உங்களைப் பக்கத்து அறைக்கு மாற்றலாமா? துப்புரவு, படுக்கை விரிப்பு எல்லாம் அவர் பொறுப்பா? ஆம் என்றால் நீங்கள் லைசென்ஸில் தங்குபவர். சாவி கையில் இருப்பது மட்டும் போதாது. ஹோட்டல் விருந்தினரிடமும்தான் சாவி இருக்கிறது. ஆனால் ‘பழுது பார்க்க முன்னறிவித்து வருவேன்’ என்ற வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்த உரிமையை அவர் தனியாக எழுதி வாங்குவதே இடம் உங்கள் வசம் என்பதற்கு அடையாளம்.

வீடு கைமாறினால் வித்தியாசம் தெரியும். நீங்கள் குடியிருக்கும் டெனன்சி 7 ஆண்டுக்கு மேற்படாவிட்டால், பதிவு செய்யாமலே புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தும். லைசென்ஸ் பழையவரோடு நீங்கள் செய்த ஒப்பந்தம் மட்டுமே; அவரிடம் இழப்பீடு கேட்கலாம், அறையைக் கேட்க முடியாது.

முன்பணத் தகராறும் அப்படித்தான். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 2 ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு டெனன்சி வழக்குகளை 20,000 வெள்ளி வரை விசாரிக்கும். இரு தரப்பும் இசைந்தால் 30,000. லைசென்ஸ் என்றால் ‘இது உங்கள் வரம்பில் வராது’ என்று எதிர்த்தரப்பு வாதாட இடமுண்டு.

டெனன்சிக்கு முத்திரை வரி உண்டு. 4 ஆண்டு வரை மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 1,200 வெள்ளி, ஓராண்டு என்றால் 57 வெள்ளி சொச்சம். இங்கே கையெழுத்திட்டால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். கட்டாத தாளை நீதிமன்றம் சான்றாக ஏற்காது, அதனால் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கையெழுத்துக்கு முன் முன்னறிவிப்புக் காலத்தையும் முன்பணம் திரும்பும் நாளையும் எழுதி வாங்குங்கள். அறை வாடகை என்றால் உரிமையாளரும் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், வாடகைக் காலம் குறைந்தது 6 மாதம் இருக்க வேண்டும், வீவக அனுமதி கட்டாயம். ‘லைசென்ஸ்தானே, வீவகவிடம் சொல்லத் தேவையில்லை’ என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள், வேறு அறை பாருங்கள்.