செய்திச் சேனல்கள் உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டுமா?

தவறைத் திருத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் சட்டம் கட்டாயம் வேண்டும் என்பேன். பொய்க்குச் சிறை என்ற சட்டத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. நான் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன்; இங்கே கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

2024 மே மாதம் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1700 ரூபாய் என்று வர்த்தமானி (அரசிதழ் அறிவிப்பு) வந்தது. சேனல்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டன. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. கம்பனிகள் வழக்குப் போட்டு, ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. அப்புறம் செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 என்று ஆனது. கொழும்பு நண்பர்களோ "உங்களுக்குத்தான் 1700 ஆகிவிட்டதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அக்கா சம்பளத் துண்டை விரித்துக் காட்டினார். கொழுந்து நிறை குறைந்த நாளுக்கெல்லாம் அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம்தான். நான் பார்த்த எந்தச் செய்தியிலும் அது வரவில்லை. பொய்யைத் தண்டிக்கும் சட்டம் இருந்திருந்தாலும் இதைத் தொட்டிருக்காது.

இன்னொன்று, கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டம். 2014 அக்டோபர் 29 அன்று மண்சரிந்து லயங்கள் புதைந்தன. முந்நூறு பேர் வரை காணவில்லை என்று அதிகாரிகள் தரப்பிலேயே சொன்னார்கள். பிறகு நூறுக்கும் குறைவு என்றார்கள். எண்ணிக்கை பிழைத்தால் வழக்கு என்று அன்றைக்கு இருந்திருந்தால், அரச அறிக்கை வரும்வரை சேனல்கள் வாயைத் திறந்திருக்காது. மலை சரியும் ஊரில் அந்த மௌனம் ஆளைக் கொல்லும்.

சரி, எது பொய் என்று யார் முடிவு செய்வது? 1997இல், வானொலி, தொலைக்காட்சிகளைக் கட்டுப்படுத்த ஒரு சபை அமைக்கும் ஒலிபரப்பு அதிகார சபைச் சட்டமூலத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தச் சபை அரசின் பிடியில் இருக்கும் என்பது முக்கியக் காரணம். 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும், இணையத்துப் பொய்க் கூற்றுகளைக் கவனிக்கும் ஆணைக்குழுவை, அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதலோடு, ஜனாதிபதிதான் நியமிக்கிறார். சிறைத் தண்டனையும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அலைவரிசை மக்களின் சொத்து. அதைப் பயன்படுத்துகிறவர்களிடம் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு: தவறு தெரிந்ததும் அதே நேரச் செய்தியில், அதே மொழியில், அதே அளவு முக்கியத்துவம் கொடுத்துத் திருத்த வேண்டும். இரவுத் தலைப்புச் செய்தியை மறுநாள் மத்தியானம் திரையடியில் ஓடும் எழுத்தில் திருத்துவதை ஏற்கக் கூடாது. திருத்த மறுத்தால் நிறுவனத்துக்குக் கனமான அபராதம் போடலாம், செய்தியாளரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது.