எடைப்பயிற்சி இருந்தால் கார்டியோ வேண்டாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வாரத்தில் நான்கு நாள் எடை தூக்குகிறேன். ஒவ்வொரு முறையும் இதயம் படபடக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது. தனியாக கார்டியோவும் செய்ய வேண்டுமா?

செய்ய வேண்டும். படபடப்பு ஒன்றுபோலத் தோன்றினாலும் இதயம் செய்யும் வேலை இரண்டிலும் வேறு. வேகநடை, நீச்சல், சைக்கிள் ஓட்டுதல் போன்ற கார்டியோ பயிற்சிகளில் பெரிய தசைகள் சீராகச் சுருங்கி விரிவதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தின் அளவு கூடி, அந்நிலை பல நிமிடங்கள் நீடிக்கிறது. மாதக்கணக்கில் இதற்குப் பழகிய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தை வெளியேற்றுவதால், ஓய்வாக இருக்கும்போது அது குறைந்த முறை துடித்தாலே போதுமானதாகிறது. கனமான எடையைத் தூக்கும்போதோ, இறுகிய தசைகள் ரத்தக்குழாய்களை நெருக்குவதால் ரத்த அழுத்தம் சில நொடிகளுக்கு வெகுவாக உயர்கிறது. துடிப்பும் ஏறுகிறது, ஆனால் வெளியேறும் ரத்தத்தின் அளவு அதற்கு ஈடாகக் கூடுவதில்லை. ஆகவே துடிப்பின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான கார்டியோவையும், குறைந்தது 2 நாள் தசை வலுப்பயிற்சியையும் சேர்த்தே பரிந்துரைக்கிறது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான வேகம்.

கேள்வி: இடையில் ஓய்வே எடுக்காமல், ஸ்குவாட், புஷ்-அப் என்று அடுத்தடுத்துச் செய்தால் அது கார்டியோ ஆகிவிடுமா?

ஓரளவு ஆகும். எடையைக் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டிச் சுற்றுச் சுற்றாகச் செய்யும் சர்க்யூட் பயிற்சி மூச்சுத்திறனை உயர்த்தும் என்பது உண்மையே. ஆயினும் ஓய்வைக் குறைக்கக் குறைக்கத் தூக்கக்கூடிய எடையும் குறையும் என்பதால், வலிமை அதே வேகத்தில் வளராது. நேரமே கிடைக்காதவர்களுக்கு இது நல்ல வழி. மற்றவர்கள் இரண்டையும் தனித்தனியே செய்வதையே நான் விரும்புவேன்.

கேள்வி: எனக்கு 66 வயது. நாள்தோறும் நடக்கிறேன். எனக்கும் எடைப்பயிற்சி அவசியமா?

மிகவும் அவசியம், சொல்லப்போனால், உங்கள் வயதினர் இதைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குப் பெருங்கவலை. வயது ஏற ஏறத் தசை கரைகிறது. நடை மட்டும் அதைத் தடுத்து நிறுத்தாது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள். தடுமாறினால், அந்த எழுந்து உட்காரும் அசைவையே, தேவைப்பட்டால் கையை லேசாக ஊன்றிக்கொண்டு, முதல் பயிற்சியாக்குங்கள். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாளாவது, சமநிலையையும் வலுவையும் சேர்த்து வளர்க்கும் பயிற்சிகளைச் செய்வது கீழே விழும் ஆபத்தைக் குறைக்கும்.

கேள்வி: ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எடை தூக்கலாமா?

அழுத்தம் கட்டுக்குள் இருந்தால், மருத்துவரின் ஒப்புதலோடு, குறைந்த எடையில் தொடங்கலாம். மூச்சை அடக்கிக்கொண்டு மட்டும் தூக்காதீர்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விட்டு, இறக்கும்போது உள்ளிழுங்கள். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவ உதவியை நாடுங்கள்.

கேள்வி: ஒரே நாளில் இரண்டையும் செய்தால் எதை முதலில் செய்வது?

வலிமை கூடுவதே நோக்கமென்றால் எடைப்பயிற்சியை முதலில் செய்யுங்கள். ஓட்டத்தில் முன்னேறவே விரும்பினால் ஓட்டத்தை. பொதுவான உடல்நலத்துக்கு எந்த வரிசையானாலும் சரி.