இருபது விழுந்தால் கல்யாணமா?

(மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டும் கதையாட்டம் பற்றிய வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர் கோவையில் இந்த ஆட்டத்தை நடத்திவரும் அக்கா.)

அக்கா, நாங்க பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற நண்பர்கள். ஞாயிறு சாயங்காலம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். கதை நடத்தும் கேம் மாஸ்டர் நான்தான். பாணன் பாத்திரம் எடுத்திருக்கும் நண்பன், எல்ஃப் என்ற கற்பனை இனத்து இளவரசியைப் பார்த்த உடனே, ‘என்னைக் கட்டிக்கிறீங்களா?’ என்று இருபது பக்கப் பகடையை உருட்டினான். இருபது விழுந்துவிட்டது. கல்யாணம் முடிஞ்சது என்கிறான். என்னங்க செய்யறது?
- வாசகர், திருப்பூர்

தம்பி, முதலில் விதியைப் பார்த்துவிடுவோம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், இருபது விழுந்தால் கட்டாயம் பலிக்கும் என்பது தாக்குதலுக்குத்தான். பேசி இணங்க வைக்கிற உருட்டலுக்கு அப்படி ஒரு சலுகை கிடையாது. எதற்கு உருட்டலாம், எதற்கு வேண்டாம் என்று சொல்வதும் உன் பொறுப்பு. அதனால் அந்த இருபதுக்கு உரிய பலனைக் கொடு: இளவரசி முகம் சுளிக்கவில்லை, ‘நாளைக்குத் தோட்டத்துப் பக்கம் வாங்க’ என்றாள். முதல் நாளுக்கு அதுவே பெரிய வரவு.

வசிய மந்திரம் போடுகிறேன் என்பான், விடாதே. அந்த மந்திரம் ஒரு மணி நேரத்துக்கு நட்பைத்தான் தரும். முடிந்ததும், தன்மேல் மந்திரம் போட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் எந்தப் பெண் முகம் கொடுத்துப் பேசுவாள்?

நீ யோசிக்க வேண்டியது இளவரசியின் பக்கம். எல்ஃப் இனத்தார் நூறு வயதை ஒட்டித்தான் வளர்ந்தவர்களாகிறார்கள். 750 வயது வரை வாழலாம். உன் நண்பனின் பாணன் மனிதன் என்றால், அவன் நரைத்துக் கூன் விழும்போதும் அவள் இன்று இருப்பது போலவே இருப்பாள். அவனை அடக்கம் செய்த பிறகு அறுநூறு வருஷம் தனியாக இருக்க அவள் தயாரா? இதை அவள் வாயாலேயே கேட்க வை. அவன் என்ன பதில் சொல்கிறான் என்பதில்தான் காதல் இருக்கிறது. அதைப் பகடை சொல்லாது.

பகடையைச் சூழ்நிலைக்கு வைத்துக்கொள். கடிதம் போய்ச் சேர்ந்ததா, கொண்டுபோன பரிசு மழையில் நனைந்ததா, காவலாளி பார்த்துவிட்டானா என்பதற்கெல்லாம் உருட்டட்டும். எங்கள் மேசையில் ஒரு வேட்டைக்காரன் பாத்திரம், பாலத்துக்கு அந்தப் பக்கம் கொல்லுப்பட்டறை வைத்திருந்த குள்ளர் குலப் பெண்ணை விரும்பியது. அவள் உலைத் துருத்தியில் தோல் கிழிந்து காற்று ஒழுகியதை அவன் கவனித்தான். மான் தோல் கொண்டுவருகிறேன் என்று காட்டுக்குப் போனான். பகடை சரியாக விழவில்லை. கொண்டுவந்த தோல் பாதி அழுகிப்போயிருந்தது. அவள் திட்டவில்லை. ஆவாரம்பட்டையை இடித்து ஊறவைத்து, தோலை எப்படிப் பதப்படுத்துவது என்று பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். ‘காதல்’ என்ற பேச்சையே இருவரும் எடுக்கவில்லை. அடுத்த வாரம் மேசையில் உட்கார்ந்ததும், ‘பட்டறைக்கு எப்பக்கா போறோம்?’ என்று கேட்டது அந்த வேட்டைக்காரன் இல்லை, மற்றவர்கள்.

ஆமாம், மற்றவர்களை மறந்துவிடாதே. இருவர் கொஞ்சிக்கொண்டிருக்க மூவர் செல்போனைப் பார்த்தால் ஆட்டம் செத்துவிடும். பொண்ணு கேட்கப் போகையில் மாமன், சித்தப்பா எல்லாரும் வண்டியேறுகிற மாதிரி, கூட்டாளிப் பாத்திரங்களையும் அரண்மனைக்குக் கூட்டிப்போ. ஒருவர் பாணனின் பெருமையை அளக்கட்டும், ஒருவர் உளறட்டும்.

நான் கல்லூரி மாணவி. எங்கள் மேசையில் நான் ஒருத்திதான் பெண். ஒருவர் தன் வீரனை வைத்து என் மந்திரவாதியைத் துரத்தித் துரத்திக் காதலிக்கிறார். ‘கதைதானே’ என்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.
- வாசகி, ஈரோடு

கண்ணு, உனக்குப் பிடிக்கவில்லை என்பதே போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரத்தின் பின்னால் உட்கார்ந்திருப்பது நீ. இன்னொருவரின் பாத்திரத்தை விரும்புவதாக இருந்தால், முதலில் ஆடுபவரிடம், ஆட்டத்துக்கு வெளியே, ‘இப்படி ஒரு கதை போகலாமா?’ என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அத்தோடு சரி. எங்கள் மேசையில் இதை மாற்ற யாருக்கும் அனுமதி இல்லை.

இந்த ஆட்ட உலகம் இதற்கு வழி கண்டு வெகுநாளாகிறது. ரான் எட்வர்ட்ஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் சொன்னது கோடும் திரையும். கோடு போட்ட விஷயம் கதைக்குள் வரவே கூடாது. திரை போட்டது நடக்கலாம், விவரிக்கக் கூடாது. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்பவர் கொண்டுவந்தது எக்ஸ் அட்டை. எக்ஸ் எழுதிய அட்டை மேசை நடுவில் கிடக்கும். யார் தொட்டாலும் அந்தக் காட்சி நிற்கும், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. இந்த இரண்டையும் உன் கேம் மாஸ்டரிடம் தனியாகச் சொல். அவர் சிரித்து மழுப்பினால் அந்த மேசையை விட்டு எழுந்து வந்துவிடு. வேறு மேசை கிடைக்கும்.

எங்கள் ஆட்டத்தில் ஒரு வீரனுக்குக் கல்யாணம் நடந்துவிட்டது. இனி அந்தப் பாத்திரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

கல்யாணத்தைப் பரிசாகக் கொடுத்துவிட்டால் இப்படித்தான் நிற்கும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் திருமணச் சடங்குக்கென்றே மந்திரம் இருக்கிறது. தம்பதி முப்பது அடிக்குள் சேர்ந்திருந்தால் ஏழு நாளைக்கு இருவருக்கும், அடி படாமல் காக்கும் காப்பு எண் இரண்டு புள்ளி கூடும். எட்டாம் நாளிலிருந்து கதைதான் காப்பாற்ற வேண்டும்.

1985இல் கிரெக் ஸ்டாஃபோர்ட் உருவாக்கிய பென்டிராகன் என்ற கதையாட்டத்தைப் பாருங்க. ஆர்தர் மன்னரின் வீரர்கள் கதை. அதில் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு சாகசம்தான். குளிர்காலம் வந்தால் வீட்டுக் கணக்கு: விளைச்சல், கல்யாணம், பிள்ளைப்பேறு, மூப்பு. அப்பா போனால் மகன் வாளை எடுப்பான், அதே ஆள் தொடர்ந்து ஆடுவார். குடும்பம்தான் அங்கே நாயகன்.

நம்ம கொங்குப் பக்கத்துக் கல்யாணத்தில் அருமைக்காரர் என்ற பெரியவர் சடங்கு நடத்துகிறார், மாப்பிள்ளைக்கும் உடன்பிறந்தவளுக்கும் இணைச்சீர் என்ற சடங்கு நடக்கிறது. ஒரு வீட்டுக் கல்யாணத்தில் இத்தனை பேருக்கு இடம், இத்தனை பேருக்கு உரிமை. உங்கள் வீரனின் தங்கைக்கு அந்த உரிமையைக் கொடுங்க. வருஷம் கழித்து, ‘அண்ணா, என் ஊரை டிராகன் எரிக்குது’ என்று அவள் வாசலில் வந்து நின்றால் அவனால் போகாமல் இருக்க முடியுமா? அவன் மனைவி என்ன சொல்வாள்? நாலு மாசத்துக்கு ஆட்டம் ஓடும்.

நம் கூட்டங்களையும் (குலப் பிரிவுகளையும்) சாதிகளையும் அதே பெயரில் ஆட்டத்துக்குள் வைக்கலாமா?
- வாசகர், பொள்ளாச்சி

கூடாதுங்க. ஒரே கூட்டத்தார் பங்காளிகள், அவர்களுக்குள் மணமில்லை என்ற முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். காதலித்த பிறகு பங்காளி என்று தெரியவருவது நல்ல சிக்கல். பெயர்களை நீங்களே புதிதாக வையுங்க. சாதி மாறிக் கட்டியதற்காக 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், நடுரோட்டில் ஓர் இளைஞனை வெட்டிக் கொன்றார்கள். உங்கள் மேசையில் உட்கார்ந்திருப்பவர் வீட்டில் யார் யாரை நினைத்து அழுதார்கள் என்பது நமக்குத் தெரியாது. அப்படி ஒரு காட்சி கதைக்குத் தேவை என்று பட்டால், முதல் நாளே எல்லாரையும் கேளுங்க. ஒருவர் தலையாட்ட மறுத்தாலும் அது கோட்டுக்கு அந்தப் பக்கம்.