வலி நின்ற பல்

நான்கு பக்கக் கடிதத்தின் அடியில், கையொப்பத்துக்கும் கீழே, நீங்கள் பின்குறிப்பாகச் சேர்த்த வரியிலிருந்தே தொடங்குகிறேன்: "போன கிழமை ஒரு நாள் காலையில் தாடைக்குக் கீழே வீங்கி, தண்ணீர் விழுங்கவும் கஷ்டமாக இருந்தது, வீட்டில் மிஞ்சியிருந்த அமொக்சிசிலின் குடித்ததும் வற்றிவிட்டது." சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுத்துவரும் 46 வயதான ஒருவருக்குக் கீழ்வரிசையின் இரண்டாம் கொடுப்புப் பல் வேர்வரை பழுதாகி, வேருக்குள் பழுதானதை வழித்தெடுத்து அடைக்கும் வேர்க்கால்வாய்ச் சிகிச்சை வேண்டுமென்று கோண்டாவிலில் பல் வைத்தியர் சொல்லி இரண்டு மாதங்கள் கடந்துவிட்ட நிலையில், கடிதத்தில் உள்ள மற்ற எல்லாக் கேள்விகளையும்விட அந்த ஒரு வரிதான் பாரதூரமானது.

கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்தில், நாக்கைத் தாங்கும் தசையொன்று ஒட்டியிருக்கிறது. இரண்டாம், மூன்றாம் கொடுப்புப் பற்களின் வேர்நுனிகள் பெரும்பாலும் அந்தத் தசை ஒட்டும் கோட்டுக்கும் கீழே இறங்கியிருப்பதால், அங்கே பிடிக்கும் சீழ் பல்முரசில் கொப்புளமாக வெடிக்காமல் கழுத்துப் பக்கம் இறங்கி, நாக்கின் அடியில் இருபுறமும் பரவக்கூடும். 1836 இல் லுட்விக் என்ற ஜேர்மன் வைத்தியர் விவரித்த நிலை இது. நாக்கு மேலெழும்பிப் பின்னே தள்ளப்பட்டு மூச்சுப்பாதை அடைபடுவதே இதில் உயிருக்கு ஆபத்து. ஆகவே தாடைக்கீழ் வீக்கத்தோடு விழுங்க முடியாமை, வாயை இரண்டு விரல் அகலத்துக்கேனும் திறக்க முடியாமை, எச்சில் வழிதல், குரல் மாறுதல், காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும், இரவு இரண்டு மணியாயினும், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது. விடியட்டும், கிளினிக் திறக்கட்டும் என்று பார்த்திருக்கக்கூடிய நோயல்ல இது.

மருந்து குடித்து வீக்கம் வற்றியதால் நோய் போய்விட்டதென்று எண்ணுகிறீர்கள். பல்லின் நடுவே நரம்பும் இரத்தக்குழாய்களும் சேர்ந்த மென்மையான கூழ் இருக்கிறது. சூத்தை அதை எட்டியதும் கூழ் வீங்கத் தொடங்குகிறது; சுற்றிலும் கல்லைப் போன்ற சுவர் இருப்பதால் வீங்க இடமின்றி, இரவில் தலையணையில் சாய்ந்தவுடன் உயிர்போகிற நோவைத் தருகிறது. பிறகு ஒரு நாள் அந்த நோவு தானாகவே நிற்கும். அது குணமல்ல, நரம்பு செத்துவிட்டதென்பதன் அடையாளம். இரத்தம் ஓடாத அந்தக் கூழுக்குள் நீங்கள் விழுங்கும் கப்சூல் எந்த வழியால் போய்ச் சேரும்? வெளியே பரவிய கிருமியை அது சில நாள் அடக்கும்; உள்ளே குடியிருக்கும் கிருமியைத் தொடாது. மகனின் தொண்டை நோவுக்கு எழுதிக் கொடுத்ததில் மிஞ்சிய ஐந்து கப்சூல்களை, அளவும் நாளும் பாராமல் குடிப்பதற்கு வைத்தியம் என்று பெயரில்லை. பல்லடியில் அஸ்பிரினைப் பொடித்து வைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். முரசு வெந்து வெள்ளையாக உரிவது அதனால்தான். அதற்கும் ஒரு மருந்து தேட வேண்டாம், அஸ்பிரினை நிறுத்தினால் ஆறிவிடும்.

"செத்த பல்லை வாயில் வைத்திருந்தால் புற்றுநோய் வருமாம்" என்று கனடாவில் இருக்கும் பெறாமகன் அனுப்பிய வீடியோதான் உங்களை இரண்டு மாதம் வீட்டில் இருத்தியிருக்கிறது என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. அந்தக் கதையின் வேருக்கு நூறு வயது. வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர், இந்தச் சிகிச்சை செய்து பின்னர் பிடுங்கிய பற்களை முயல்களின் தோலுக்கடியில் பதித்து, முயல்கள் நோயுற்றதைக் கொண்டு, இத்தகைய பற்களே உடலின் வேறு பல நோய்களுக்கும் காரணமென்று 1920களில் முடிவுகட்டினார். பிடுங்கும்போதே வாய்க்கிருமிகள் பல்லில் ஒட்டிக்கொள்வதை அவர் சரிவரத் தவிர்க்கவில்லை; பின்னர் கவனமாகச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவுமில்லை. உண்மையில் செத்தது கூழ் மட்டுமே. வேரைச் சுற்றியுள்ள இழைகளும் எலும்பும் உயிரோடுதான் இருக்கின்றன. சிகிச்சைக்குப் பின்னும் அந்தப் பல்லால் கடிப்பது உங்களுக்குத் தெரிவது அதனால்தான். செத்ததை உள்ளே வைத்து மூடுவதல்ல, வழித்தெடுப்பதே இந்தச் சிகிச்சை. அந்த வீடியோ பயமுறுத்துகிற பல்லை இந்த இரண்டு மாதமும் வாயில் வைத்திருப்பவர் நீங்கள்தான்.

விறைப்பூசி போட்டு, பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டி, மேலே துளையிட்டுத் திறக்கும்போது இத்தகைய பல்லில் சில வேளை சீழ் பொங்கி வரும்; அறை முழுவதும் நாற்றம் வீச, நோயாளியின் இறுகிய முகம் அந்தக் கணமே தளர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்தப் பல்லில் வழக்கமாக மூன்று கால்வாய்கள் இருக்கும். ஊசிபோல் மெல்லிய அரத்தை ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறக்கி, எக்ஸ்றேயில் நீளம் பார்த்து, சோடியம் ஹைபோகுளோரைற் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவி, கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த திரியால் அடைப்போம். வீங்கிய இடத்தில் ஊசி முழுதாக விறைக்காமல் போவதுண்டு. பல்லைக் கடித்துப் பொறுக்காமல் கையை உயர்த்துங்கள், இன்னொரு ஊசி போடலாம். பிறகு இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது நோவது வழமையே.

பல்லில் கைவைத்தால் கண் மங்கும் என்ற அயலவரின் எச்சரிக்கைக்கு ஒரு வரி போதும்: பார்வை நரம்புக்கும் பல்லின் நரம்புக்கும் தொடர்பில்லை, அதிலும் உங்களுடையது கீழ்ப்பல். நீங்கள் கேட்ட நாக்கின் வெள்ளைப் படிவைப் பல் துலக்கும்போது வழித்துவிடுங்கள். பல்லில் மிஞ்சியிருப்பது போதாதென்று வைத்தியர் கண்டால் பிடுங்குவதும் பிழையான வழியல்ல. இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்.

நாளைக் காலையே பல் வைத்தியரிடம் போங்கள். வெறும் வயிற்றோடு வேண்டாம், காலை உணவையும் சீனி மாத்திரையையும் எடுத்துக்கொண்டு, கடைசி இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் குடித்த கப்சூலின் அட்டையையும் கையோடு கொண்டு செல்லுங்கள். வேரை அடைத்த பின், மேலே உறை போடும்வரை அந்தப் பக்கத்தால் புழுக்கொடியல் கடிக்காதீர்கள். உள்ளே குடைந்த பல் நெடுக்காகப் பிளந்துவிட்டால், பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டிவரும்.