நீல இன்ஹேலர் மாதம் ஒன்று தீர்கிறது!

இரண்டு பக்கக் கடிதம். ஒன்றரைப் பக்கத்துக்கு ஆடாதோடை, தூதுவளை, வாழைப்பழம், தயிர், பிராணாயாமம். இயற்கை முறையிலேயே ஆஸ்துமாவைக் குணப்படுத்த வழி கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: “நீல இன்ஹேலர் மட்டும் அவசரத்துக்கு வைத்திருக்கிறேன், மாதம் ஒன்று தீர்ந்துவிடுகிறது.” அம்மா, நான் பதில் எழுதுவது அந்த ஒரு வரிக்குத்தான்.

நீல இன்ஹேலரில் இருப்பது சால்புட்டமால். ஒன்றில் பொதுவாக 200 முறை அழுத்தும் அளவுக்கு மருந்து இருக்கும். மாதம் ஒன்று தீர்கிறது என்றால் நாளொன்றுக்கு ஆறேழு முறை அழுத்துகிறீர்கள். இதில் அவசரம் எங்கே இருக்கிறது? ஆஸ்துமா கட்டுக்குள் இருப்பவருக்கு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் அது தேவைப்படாது. வருடத்துக்கு மூன்று தீர்ந்தாலே கடுமையான மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது. மாதம் ஒன்று என்பது உயிருக்கே ஆபத்து என்று மருத்துவ வழிகாட்டிகள் எச்சரிக்கும் அளவு. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவதையும் ஏதோ தூக்கக் கோளாறு போல எழுதியிருக்கிறீர்கள். அதுவும் இதே கணக்கில்தான் சேரும்.

பயப்பட வேண்டிய இடம் இது. நீங்களோ தடுப்பு இன்ஹேலருக்குப் பயந்திருக்கிறீர்கள். “பழகிவிட்டால் ஆயுளுக்கும் விட முடியாது” என்று யாரோ ஒருவர் காணொளியில் சொன்னார் என்பதற்காக, மருத்துவர் எழுதிக் கொடுத்ததை மூன்று மாதத்துக்கு முன்பு நீங்களாகவே நிறுத்திவிட்டீர்கள். அந்தக் காணொளிக்காரர் உங்கள் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தாரா?

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் தசை இறுகுகிறது, உட்சுவரும் வீங்கிக் கிடக்கிறது. நீல இன்ஹேலர் தசையை மட்டும் நான்கைந்து மணி நேரத்துக்குத் தளர்த்தும். நிம்மதியாக இருக்கும், ஆனால் வீக்கம் அப்படியே உள்ளே வளரும். அதை அடக்குவது தடுப்பு இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு. அதனால்தான், நீல இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுத்து நோயாளியை அனுப்ப வேண்டாம் என்று ஜினா என்ற உலக ஆஸ்துமா அமைப்பு 2019 முதல் சொல்லி வருகிறது. ஸ்டீராய்டு என்றதும் பதற வேண்டாம். அது மைக்ரோகிராம் கணக்கில், நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாயில் வெள்ளை படிவதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். அதற்கு யாரும் அடிமையாவதில்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை ஏறுவதுபோல, இதை நிறுத்தினால் அடங்கியிருந்த நோய் தலைதூக்குகிறது, அவ்வளவுதான்.

இன்ஹேலருக்குப் பதிலாக மருந்துக் கடையில் இளைப்பு மாத்திரை வாங்கிப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 4 மில்லிகிராம் சால்புட்டமால் மாத்திரை ஒன்றில், இன்ஹேலரை 40 முறை அழுத்தினால் வரும் மருந்து இருக்கிறது. அது உடம்பெல்லாம் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வரும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். வேண்டாம்.

ஆடாதோடையை நான் கேலி செய்யமாட்டேன். அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாகக் கொண்டுதான் இருமல் மருந்துகளில் சேரும் புரோம்ஹெக்சின் உருவானது. சளியை இளக்கும். ஆனால் தடுப்பு இன்ஹேலரின் வேலையை அது செய்யாது. தூதுவளை ரசம் ருசியாக இருந்தால் குடியுங்கள். வாழைப்பழமும் தயிரும் சாப்பிட்டு ஒவ்வாமை வந்த அனுபவம் இல்லையென்றால் தாராளமாகச் சாப்பிடலாம். நிதானமான மூச்சுப் பயிற்சி மருந்தோடு சேர்ந்து நல்லது. இளைக்கும் நேரத்தில், மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி கூடாது.

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்தால் அன்றிரவு இளைப்பு அதிகம் என்று எழுதி, பழியைத் தண்ணீர் மேல் போட்டிருக்கிறீர்கள். குளித்து வந்ததும் மாமியார் கூந்தலுக்குச் சாம்பிராணி போட்டுவிடுவார் என்பதும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது! குளியலை விட வேண்டாம், புகையை விடுங்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு ஏற்றும் கொசுவத்திச் சுருளையும் விடுங்கள். பழைய இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றி, உறைகளை வாரம் ஒருமுறை கொதிக்கும் சூட்டில் நனைத்துத் துவையுங்கள். இயற்கை வழி கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த உருப்படியான இயற்கை வழி இதுதான்.

நீல இன்ஹேலர் நான்கு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, அல்லது ஒரு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் பேசி முடிக்க முடியவில்லை என்றால், கஷாயம் கொதிக்கவைத்துக்கொண்டு உட்காராதீர்கள், ஆவியும் பிடிக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குழல்) வழியாக நீல மருந்தை ஒவ்வொரு அழுத்தாக இழுங்கள். திணறல் அப்படியே இருக்க, விசில் சத்தம் மட்டும் நின்றுபோனால் வீட்டார் “சரியாகிவிட்டது” என்று நினைத்துவிடுவார்கள். காற்றே உள்ளே போகாததால் சத்தம் நின்றிருக்கலாம். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாத கட்டம் அது.

பழைய தடுப்பு இன்ஹேலர் காலாவதியாகாமல் இருந்தால், எழுதிக் கொடுத்த அளவிலேயே இன்றிரவு மீண்டும் தொடங்குங்கள். ஒரே நாளில் வித்தியாசம் தெரியாது, விட்டுவிடாதீர்கள். இந்த வாரத்துக்குள் நுரையீரல் மருத்துவரிடம் இரண்டு இன்ஹேலர்களையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். அழுத்துவதும் இழுப்பதும் ஒன்று சேராமல் மருந்தெல்லாம் தொண்டையோடு நின்றுவிடுவது தினமும் நான் பார்ப்பது. மூன்று மாதம் போல நோய் கட்டுக்குள் நின்றால், மருந்தின் அளவைக் குறைப்பதைப் பற்றி அவரே பேச்செடுப்பார்.