கைத்தொலைபேசியும் கடவுச்சொல்லும்: அந்தரங்க உரிமை எதுவரை?

கேள்வி: முன்னாள் கூட்டாளி என்மீது ஏமாற்றுப் புகார் கொடுத்துள்ளார். விசாரணை அதிகாரி என் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு கடவுச்சொல்லைக் கேட்டார், நான் தரவில்லை. மனைவி, பிள்ளைகளின் படங்கள் அதில் உள்ளன. அந்தரங்க உரிமை மீறப்பட்டதாக வழக்குத் தொடுக்கலாமா? வேறொரு கருவியிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்கிறான் மகன். (ஈசூன் வாசகர், சிங்கப்பூர்)

பதில்: கூட்டாளி புகார் கொடுத்தது நியாயமா என்பது இங்கே கணக்கில் வராது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க ஒரு குற்றத்தில் அந்தக் கருவி பயன்பட்டதாகவோ அதற்கான சான்று அதில் இருப்பதாகவோ சந்தேகிக்க அதிகாரிக்கு நியாயமான காரணம் இருந்ததா என்பது ஒன்றே கேள்வி. தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவில் வரும் ஏமாற்று அத்தகைய குற்றம். பணப்பேச்சு வாட்ஸ்அப்பில் நடந்திருந்தால் காரணமும் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி அவர் கருவியைச் சோதிக்கலாம், கடவுச்சொல்லையும் கேட்கலாம். மறுத்தால் 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

நம் அரசியலமைப்பில் அந்தரங்க உரிமை தனியாக எழுதப்படவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்க அமைப்புகளைக் கட்டுப்படுத்துவதில்லை. சோதனையில் முறைகேடு இருந்தாலும், அந்த ஒரு காரணத்துக்காகச் சான்று ஒதுக்கப்படாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்துள்ளது. கோவிட் தொற்றுக் காலத்தில் தொடர்புகளைத் தடமறியப் பயன்பட்ட டிரேஸ்டுகெதர் திட்டத்தின் தரவைக் காவல்துறை பெற முடியும் என்று 2021 ஜனவரியில் தெரியவந்தபோதும் வரம்பு விதித்தது நாடாளுமன்றமே: ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று அடுத்த மாதம் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு குடும்பத்தின் வாழ்க்கை முழுவதையும் தாங்கியிருக்கும் கைத்தொலைபேசிக்கும் அப்படியொரு வரம்பு வேண்டும், நீதிபதியின் முன்னனுமதியும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இன்றைய சட்டத்தில் அது இல்லை; இல்லாததை நம்பி வழக்குத் தொடுத்துப் பணத்தை இழக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைக்குள்ளாக்கியது கடைசி வரிதான். விசாரணை தொடங்கியபின் செய்திகளை அழிப்பது, தண்டனைச் சட்டத்தின் 204ஏ பிரிவின்கீழ் நீதியின் போக்கைத் தடுத்த குற்றமாகலாம். அதற்கு ஏழாண்டு வரை சிறை உண்டு. மூலப் புகார் பலவீனமாக இருந்தும், பயத்தில் எதையோ அழித்ததற்காகக் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அழித்த செய்தி பெரும்பாலும் எதிராளியின் கருவியில் அப்படியே இருக்கும். அப்போது அழித்தவரின் நோக்கத்துக்கு அதுவே சாட்சியாகிவிடுகிறது. உங்களுக்காக மகன் அழித்தால் அவனும் குற்றவாளியாகலாம். கூட்டாளியை நேரில் சந்தித்துப் புகாரைத் திரும்பப் பெறும்படி வற்புறுத்துவதும் இதே பிரிவில் கொண்டுபோய் விடக்கூடும்.

மகனை இன்றே தடுத்து நிறுத்துங்கள். நாளை வழக்கறிஞருடன் சென்று கடவுச்சொல்லைக் கொடுங்கள். வழக்கறிஞருடன் நீங்கள் பரிமாறிய செய்திகள் அந்தக் கருவியில் இருந்தால், அவை சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டவை என்று அப்போதே எழுத்தில் தெரிவியுங்கள். கூட்டாளிக்குப் பணம் தரவேண்டியது உண்மையானால், வழக்கறிஞர் வழியாகக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். அதனால் புகார் தானாக முடிந்துவிடாது. ஆனால் வழக்கு நடந்து தண்டனை என்று வந்தால், இழப்பை ஈடுசெய்தவர் என்பதை நீதிமன்றம் கருத்தில் கொள்ளும்.