தேவதை வரல, கழுதைதான் வந்துச்சு

கேள்வி: ஜெர்மன்ல யாரோ கம்மி பட்ஜெட்ல தனியா எடுத்த ஒரு ரோட் மூவியைப் பார்க்கச் சொல்லி நண்பர் உயிரை எடுக்கறார். 'ப்ரெமென் இசைக்கலைஞர்கள்'னு ஒரு தேவதைக் கதையை வச்சு எடுத்ததாம். ட்ரெய்லர்ல தேவதையும் இல்ல, இசையும் இல்ல, நாலு பேர் ஓட்டை வேன்ல போறாங்க. நம்பிப் பார்க்கலாமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பார்க்கலாம். உங்க கேள்விக்குப் பதில் முடிஞ்சது, இனி என் சண்டைக்கு வர்றேன்.

'தேவதைக் கதை'ன்னு எழுதிட்டீங்களே சார். உங்களைச் சொல்லிக் குத்தமில்ல. இந்த வார்த்தையை என் பத்திரிகைக்குள்ள புகுத்தின மொழிபெயர்ப்பாளர் ஒருத்தர் இருக்கார், பன்னெண்டு வருஷமா எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, கல்யாணப் பந்தியில எதிரெதிரே உட்கார வச்சாக்கூட அவர் ரசத்தைப் பார்த்துட்டிருப்பார், நான் அப்பளத்தைப் பார்த்துட்டிருப்பேன். தேவதைங்கறது பிரெஞ்சு சரக்கு. 1697ல மதாம் தோல்னுவான்னு ஒரு அம்மா தன் புஸ்தகத்துக்கு 'தேவதைகளின் கதைகள்'னு பேர் வச்சாங்க, இங்கிலீஷ்காரன் அதை வாங்கிக்கிட்டான், அவன்கிட்டேர்ந்து நாம வாங்கிக்கிட்டோம். ஜெர்மன்காரன் சொல்றது மேர்ஷென். 'மேர்'னா சேதி, கூட 'ஷென்' சேர்த்தா குட்டிச் சேதி. அதாவது துணுக்கு! முப்பது வருஷமா பக்கத்துக்கு அடியில நாலு விரக்கடை காலியா இருந்தா "ஏதாவது துணுக்கு போடுங்கப்பா"ன்னு கத்திட்டிருக்கேனே, நான் கேட்டதெல்லாம் மேர்ஷென்தான்னு அப்ப தெரியல.

இன்னொரு கூத்து என்னன்னா, இந்தக் கதைங்களைச் சேகரிச்சு புஸ்தகமாப் போட்ட க்ரிம் அண்ணன் தம்பிங்களே தேவதையை வெளிய தள்ளினவங்க. 1812ல போட்ட முதல் பதிப்புல ரபுன்ஸல் கதைல கீரைத் தோட்டத்துக்குச் சொந்தக்காரி ஒரு தேவதைதான். அப்புறம் வந்த பதிப்புகள்ல தம்பி வில்ஹெல்ம் அவளை எழுப்பி அனுப்பிட்டு ஒரு சூனியக்காரியை உட்கார வச்சுட்டார். தேவதைன்னா பிரெஞ்சு வாடை அடிக்குதாம். அந்த மனுஷன் மெனக்கெட்டுத் துரத்தினதை நம்மாளு தமிழ்ல திரும்பக் கூட்டிட்டு வந்தார், நான் கேட்டதுக்குக் கோவம் வேற.

சரி, உங்க கதை. 1819 பதிப்புலதான் இது உள்ள வந்துச்சு, 27வது கதை. ஒரு கழுதை, வருஷக்கணக்கா மாவு மில்லுக்கு மூட்டை சுமந்து ஓஞ்சுபோனது, இனி தீனி தண்டம்னு முதலாளி நினைக்கறது தெரிஞ்சதும் கிளம்பிடுது. வேட்டைக்கு லாயக்கில்லாத நாய், பல்லு மொண்ணையான பூனை, ஞாயித்துக்கிழமை விருந்தாளிக்கு சூப்பாகப் போற சேவல், எல்லாம் வழியில சேருது. சேவல்கிட்ட கழுதை சொல்ற ஒரு வரி இருக்கு: "செத்துப்போறதைவிட நல்லதா ஒண்ணு எங்க போனாலும் கிடைக்கும், வா." வேலைய விட்டு அனுப்பின நாலு கிழடுங்க, கையில காசில்ல, ப்ரெமென் போய் ஊர் பேண்டுல சேரலாம்னு ஒரு நினைப்பு. இதுல தேவதைக்கு எங்க சார் வேலை? இது ரோட் மூவியேதான், கேமரா வர்றதுக்கு முந்தியே எழுதிட்டாங்க.

பட்ஜெட்டும் கதைலயே இருக்கு பாருங்க. ஒரு ரோடு, ஒரு காடு, ஒரு ராத்திரி, ஒரு திருடன் வீடு, உடைக்கறதுக்கு ஒரு ஜன்னல் கண்ணாடி. கழுதை மேல நாய், நாய் மேல பூனை, பூனை மேல சேவல் ஏறி நாலும் சேர்ந்து கத்தி ஜன்னலை உடைச்சுக்கிட்டு உள்ள விழுது, அந்தக் கத்தல்தான் படத்துல வர்ற ஒரே கச்சேரி, அதனால மியூசிக் டைரக்டர் சம்பளமும் மிச்சம். கஷ்டம் பூனைகிட்டதான். கழுதை கேரட்டுக்கு நிக்கும், நாய் பிஸ்கட்டுக்கு நிக்கும், பூனை ரீடேக் தராது. அதான் புத்தியுள்ள டைரக்டர் நாலுக்கும் பதிலா நாலு மனுஷனைப் பிடிச்சு வேன்ல ஏத்திடறான். ப்ரெமெனைக் காட்டவே வேணாம், ஏன்னா கதைல அவங்க ப்ரெமெனுக்குப் போகவே இல்ல! திருடன் வீடு பிடிச்சுப்போய் அங்கயே தங்கிடறாங்க. போக வேண்டிய ஊருக்கு லொகேஷன் செலவே இல்லாத கதையை எந்த புரொட்யூசர் வேணாம்பான்? எடுக்கறவன்கிட்ட காசு அதிகமானாதான் ஆபத்து. ஏஆர்டி டிவி 2008லேர்ந்து கிறிஸ்துமஸ் சமயத்துல க்ரிம் கதைகளைப் படமாப் போட்டுட்டிருக்கு, இஸ்திரி கலையாத கவுனும் கோட்டையுமா, பசியில கிளம்பினவன் ஒருத்தன் முகமும் அதுல எனக்குத் தென்படல. யூரோ வர்றதுக்கு முந்தி, மார்க் காலத்துல அந்த நாட்டோட பெரிய நோட்டு 1000 மார்க், அதுல இந்த அண்ணன் தம்பி மூஞ்சிதான். இவங்க கதையை ஒழுங்கா எடுக்கறவன் பாக்கெட்ல அந்த நோட்டு இருந்திருக்காது.

ஜெர்மன் ரோட் மூவின்னதும் டைரக்டர் விம் வெண்டர்ஸ் 1976ல கொண்டுவந்த 'காலப்போக்கில்' படம் ஞாபகம் வருது. 176 நிமிஷம், கறுப்பு வெள்ளை. கதை எழுதி வச்சுக்கிட்டு எடுக்கல, கிழக்கு ஜெர்மனி எல்லையோரமா லூனெபுர்க்லேர்ந்து ஹோஃப் வரைக்கும் எந்தெந்த ஊர்ல சினிமாக் கொட்டாய் இருக்குன்னு ஒரு லிஸ்ட், அதான் திரைக்கதை. ஹீரோவுக்கு லாரிலதான் வீடு, ஊர் ஊராப் போய் புரொஜெக்டர் ரிப்பேர் பண்றான். ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு ஊர் ஃபிலிம் சொசைட்டில இதைப் போட்டாங்க. மூணாவது ரீலும் அஞ்சாவது ரீலும் மாறிப்போச்சு. படத்துல தண்ணிக்குள்ள காரை விட்ட ஒரு ஆளோட மொத்த எரிச்சலும் முன்னபின்ன வருது, ஒருத்தரும் மூச்சு விடல. இடைவேளைல ஒரு பேராசிரியர் எழுந்து "காலத்தைக் கலைத்துப் போடும் உத்தி"ன்னு இருபது நிமிஷம் பேசினார், ஆபரேட்டர் பின்னாடி பீடி பிடிச்சுட்டு தலையாட்டிட்டிருந்தார். நானும் கைதட்டினேன். அதுக்கப்புறம் புரொஜெக்டர் மக்கர் பண்ணிருச்சு, ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சவன் திரையிலதான் இருந்தான்.

இதுக்கெல்லாம் யார் காசு போடறாங்கன்னு நீங்க கேக்கல, நானே சொல்றேன். 1962ல ஜெர்மனில ஓபர்ஹவுசென்ங்கற ஊர்ல 26 சினிமாக்காரங்க பழைய சினிமா செத்துப்போச்சுன்னு கையெழுத்துப் போட்டாங்க, 1965ல முதல் படம் எடுக்கறவங்களுக்குக் கடன் தர்றதுக்குன்னே ஒரு அமைப்பு வந்துச்சு, இசட்டிஎஃப் டிவி 1963லேர்ந்தே புதுசா வர்றவங்களுக்குன்னு ஒரு பிரிவை நடத்திட்டிருக்கு. கொட்டித் தர்றதில்ல. வேனுக்கு டீசல் போடலாம்.

ப்ரெமென் டவுன் ஹால் பக்கத்துல கெர்ஹார்ட் மார்க்ஸ்ங்கற சிற்பி செஞ்ச நாலு மிருகம் சிலை இருக்கு, 1953ல வச்சது. கழுதையோட முன்னங்காலைப் பிடிச்சு வேண்டிக்கிட்டா நடக்கும்னு எல்லாரும் தேய்ச்சுத் தேய்ச்சு அது மட்டும் பளபளன்னு இருக்கும். ரெண்டு கையாலயும் பிடிக்கணும். ஒத்தக் கையால பிடிச்சா ஒரு கழுதை இன்னொரு கழுதைக்கு கை குடுக்குதுன்னு ஊர்க்காரங்க சிரிப்பாங்களாம். போன வருஷம் நம்ம மொழிபெயர்ப்பாளர் அங்க போயிருக்கார், வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போட்டோ பார்த்தேன். ஒரு கை கழுதைக் கால்ல. இன்னொரு கை செல்ஃபி எடுத்துட்டிருக்கு.